நாலு மணிக்கு இருட்டும் ஊரில் ஓவியம் படிப்பது

லண்டனுக்கு ஓவியம் படிக்க வருகிறவர்களை முதலில் ஏமாற்றுவது ஊரில் பழகிய கைதான். சென்னையில் மெல்லிசாகத் தடவிய எண்ணெய்ச் சாயம் இரண்டு மூன்று நாளில் கையில் ஒட்டாது. இங்கே ஜனவரியில் ஒரு வாரம் ஆனாலும் பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. குளிரில் அந்த வேலை மந்தமாகும். பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பு சீக்கிரம் இறுகிவிடும். டைட்டானியம் வெள்ளையும் காட்மியம் சிவப்பும் இழுத்தடிக்கும். அவசரப்பட்டு ஹீட்டர் பக்கத்தில் சாய்த்தால் தடிமனான இடங்களில் மேல்தோல் மட்டும் இறுகி, பிறகு சுருக்கம் விழும். அடியில் தண்ணீரில் கரைக்கும் அக்ரிலிக் சாயம், மேலே எண்ணெய் என்று வைத்துக்கொண்டால் பாதி நாள் மிச்சம். தலைகீழாகச் செய்தால் உரிந்து வரும். அக்ரிலிக்கும் சுமார் 10 டிகிரிக்குக் கீழே சரியாகப் படலமாகாது. சூடில்லாத கராஜை ஸ்டூடியோவாக எடுக்கிறவர்கள் கவனிக்க.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடவே கூடாது. இறுகும்போது வெளிவரும் சூடு உள்ளேயே தங்கி, தானாகத் தீப்பிடிக்கும். கல்லூரியில் மூடியுள்ள இரும்புத் தொட்டி இருக்கும். வீட்டில் வரைகிறவர்கள் துணியைத் தண்ணீரில் ஊறவைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

அடுத்தது வெளிச்சம். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும், மிச்ச வேலை பல்பில்தான். வாடகை அறைகளில் இருப்பது பெரும்பாலும் 2700 கெல்வின் மஞ்சள் பல்பு. அதன் கீழ் நீலம் மங்கித் தெரியும். போதவில்லையே என்று கூடுதலாகக் குழைப்போம். காலையில் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தால் முகமெல்லாம் நீலம் பாரித்திருக்கும். பகல் வெளிச்சம் போன்ற 5000 கெல்வின், நிறத்துல்லியக் குறியீடு (CRI) 90க்கு மேல் என்று பெட்டியில் பார்த்து ஒரு பல்பு வாங்குங்கள். விலையுயர்ந்த தூரிகையெல்லாம் அப்புறம்.

வகுப்பில் ‘கிரிட்’ என்று ஒன்று நடக்கும். படத்தை மாட்டிவிட்டு, மற்றவர்கள் பேசுவதைக் கேட்க வேண்டும். நம்மவர்கள் செய்யும் தவறு, முதல் நிமிடத்திலேயே “இது எங்கள் பண்பாட்டில்...” என்று தொடங்குவது. அதன்பின் யாரும் படத்தைப் பார்ப்பதில்லை, விளக்கத்துக்குத் தலையாட்டுவார்கள். தரையில் கோலம் போட்டால் அது பெருக்கப்படப் போவதையும், யார் மிதிப்பார்கள் என்பதையும் அவர்களே பேசட்டும். ஒன்று மட்டும் முன்கூட்டியே யோசியுங்கள்: காட்சிக்கூடத்தில் அரிசிமாவு என்றதும் எலி, பூச்சி பற்றிக் கேட்பார்கள், அடுத்து வழுக்குமா என்பார்கள். சுண்ணாம்புக்கல் பொடி என்றால் முதல் கேள்வி போய்விடும். எறும்புக்குத் தீனி என்ற அர்த்தமும் கூடவே போய்விடும். எது வேண்டும் என்பது உங்கள் முடிவு.

இன்னொன்று, மாணவர் விசாவில் சுயதொழிலுக்கு அனுமதியில்லை. படிப்பின் முடிவில் மாணவர்கள் வைக்கும் கண்காட்சியில் யாராவது படத்துக்கு விலை கேட்டால், கையை நீட்டுமுன் பல்கலைக்கழக விசா ஆலோசகரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பார்ப்பதற்குக் காசு தேவையில்லை. லண்டனின் பெரிய கலைக்கூடங்களான டேட் மாடர்னிலும் நேஷனல் கேலரியிலும் நிரந்தரச் சேகரிப்பு இலவசம். டேட்டின் சிறப்புக் கண்காட்சிக்குத்தான் டிக்கெட். 16 முதல் 25 வயது வரை ‘டேட் கலெக்டிவ்’ உறுப்பினராக, இலவசமாகவே, சேர்ந்தால் அந்த டிக்கெட் 5 பவுண்டு. ஒரு நாளைக்கு மூன்று படைப்பு போதும், மாடி மாடியாக ஓட வேண்டாம்.

டேட் மாடர்னின் பெரிய கூடமான டர்பைன் ஹாலுக்குள் போனதும் கீழே பாருங்கள். 2007இல் கொலம்பியக் கலைஞர் டோரிஸ் சால்செடோ அங்கே தரையைப் பிளந்து 167 மீட்டர் நீள விரிசல் ஒன்றை உண்டாக்கினார். மயிரிழையாகத் தொடங்கி அகன்றுகொண்டே போனது. ஐரோப்பாவில் குடியேறியவர்கள் சந்திக்கும் இனவெறி பற்றியது அது. பெயர் ‘ஷிபொலெத்’: பைபிளில், உச்சரிப்பை வைத்து எதிரியைக் கண்டுபிடித்துக் கொல்லப் பயன்பட்ட சொல். 1983 ஜூலையில் கொழும்பில் வாளிக்கான சிங்களச் சொல்லான ‘பால்திய’வைச் சொல்லச் சொல்லித் தமிழரைப் பிரித்ததை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் குறிப்பு வேண்டாம். கண்காட்சி முடிந்ததும் விரிசலை நிரப்பிவிட்டார்கள். ஆனால் கான்கிரீட்டில் அந்தத் தழும்பு இன்னும் தெரிகிறது. பிள்ளைகள் அதன்மேல் கால் வைத்து, கோடு பிடித்துக்கொண்டே நடக்கிறார்கள்.