புரட்டாசி அமாவாசையில் கிராம சபை

செப்டம்பர் 25, 2024, புதன்

ஊராட்சி ஆபீஸ் சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அக்டோபர் 2, காலை 11 மணிக்குக் கிராம சபை. ஏழு நாளைக்கு முன்னால் சொல்லியாக வேண்டும் என்பது விதி. இன்றோடு சரியாக ஏழு நாள். பொழுதோட ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்துக்கொண்டு போனார்கள். 2022-ல் தண்டோரா போடக் கூடாது என்று அரசு சொன்ன பிறகு ஆட்டோதான். தண்டோரா போனது நல்லதுதான். ஆனால் ஆட்டோ தார் ரோட்டோடு திரும்பிவிடுகிறது. இட்டேரிக்குள், அதாவது தோட்டங்களுக்கு நடுவே போகும் வேலித் தடத்துக்குள், தள்ளி இருக்கும் சாளைகளுக்கு, தோட்டத்து வீடுகளுக்கு, சத்தம் போய்ச் சேராது. அவர்களுக்கு நான்தான் போன் போட்டுச் சொன்னேன்.

தேதியில் ஒரு சிக்கல். அன்றைக்கு மகாளய அமாவாசை. திதி கொடுக்கப் பாதி ஊர் பவானி கூடுதுறைக்குப் போய்விடும். எங்கள் ஊராட்சியில் மூவாயிரம் பேருக்குள்தான் இருக்கிறோம், அதனால் நூறு பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும். காந்தி ஜெயந்திக்கு பனியன் கம்பெனிகள் லீவு, பிள்ளைகள் வரலாம் என்றார் ஊராட்சி செயலர். கம்பெனி லீவு விட்டால் அதுகள் தூங்கும், துணி துவைக்கும், திருப்பூர் போய் படம் பார்க்கும். கூட்டத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 28, சனி

இரண்டாம் சனிக்குப் பெருமாள் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கிழக்குத் தோட்டத்து மாமா வீட்டிலிருந்து போன். பட்டியில் நாய் புகுந்துவிட்டது.

ஏழு ஆடுகள் செத்துக் கிடந்தன. நாலு கடிபட்டவை, கழுத்திலும் அடிவயிற்றிலும். மற்ற மூன்றின் மேல் ஒரு பல் தடம்கூட இல்லை. பயத்தில் ஒரு மூலைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, அடியில் சிக்கி மூச்சுமுட்டிச் செத்திருக்கின்றன. தொடை கிழிந்த ஒரு கிடாய் மட்டும் கொறங்காட்டில், மேய்ச்சல் நிலத்தில், நின்று கொழுக்கட்டைப்புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது, ஒன்றும் நடக்காத மாதிரி. கிளுவை வேலியில் ஒரு முழ அகலத்துக்குச் சந்து. அதன் முள்ளில் செம்பட்டை முடி ஒட்டியிருந்தது.

கால்நடை டாக்டர் வந்து பிரேதப் பரிசோதனை செய்து எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை வைத்து என்ன செய்வது என்று மாமாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. யானையோ சிறுத்தையோ அடித்தால் வனத்துறையிடம் போகலாம். தெருநாய் அடித்தால் போய் நிற்க ஓர் ஆபீஸ் கிடையாது. காங்கேயம், வெள்ளகோவில் பக்கமும் இதே கதைதான்.

"நாயை மட்டும் சொல்லாதீங்க அம்மணி. கோழிக்கடைக் கழிவைக் குட்டைக்கரையில கொட்டறவனைச் சொல்லுங்க" என்றார் அத்தை. அவர் சொன்னதில் தப்பில்லை. இறைச்சி தின்று பழகிய நாய்கள் கூட்டமாகச் சேர்ந்துவிட்டன. புரட்டாசியில் கோழி வியாபாரம் படுத்துவிடும், கழிவும் குறையும். பசித்த கூட்டம் பட்டிக்குப் போகிறது. இது என் கணக்கு. டாக்டரிடம் சொன்னேன், "இருக்கலாமுங்க" என்றார்.

செப்டம்பர் 30, திங்கள்

மகளிர் குழு அக்காக்களோடு உட்கார்ந்து மனு எழுதினோம். மூன்று விஷயம்: நாய், குட்டை, இட்டேரி.

போன காந்தி ஜெயந்திக்குக் கொடுத்த மனு தீர்மானமாகவே ஆனது. "ஆவன செய்யத் தீர்மானிக்கப்பட்டது" என்று முடித்திருந்தார்கள். யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், ஒன்றும் கிடையாது. ஒரு வருடமாக யாரையும் கேட்க முடியவில்லை. இந்த முறை ஒவ்வொரு கோரிக்கைக்கும் கீழே யார், எப்போது என்று நாங்களே எழுதிவிட்டோம். மனு ஒன்றரைப் பக்கம் வந்தது. வாசிக்க நேரம் தருவார்களா என்று ஓர் அக்காவுக்குச் சந்தேகம். தராவிட்டால் நான் எழுந்து நின்றே வாசிப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 2, புதன்

11 மணிக்கு நாற்பது பேர்கூட இல்லை. 11.45-க்கு நூறுநாள் வேலைக்காரர்கள் வந்ததும் கோரம் ஆனது. எப்போதும் அவர்களால்தான் ஆகிறது. பெண்கள் ஜமக்காளத்தில், ஆண்கள் வேப்பமரத்தடியில் வண்டி மேல். அமாவாசை விரதம் என்பதால் வழக்கமான மிக்சர் பொட்டலம் கிடையாது, டீ மட்டும்.

வந்ததும் ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கினார்கள். அது வருகைப் பதிவேடு, சரி. அதோடு தீர்மானப் புத்தகத்தின் வெற்றுப் பக்கத்தையும் நீட்டினார்கள். எழுதாத பக்கத்தில் எப்படிங்க கையெழுத்துப் போடுவது என்று கேட்டேன். "எல்லாரும் வெறும் வயித்தோட இருக்காங்க அம்மணி, சீக்கிரம் முடிக்கலாமுங்க" என்றார் செயலர். எழுதி வாசித்த பிறகு போடுகிறோம் என்று குழு அக்காக்கள் மொத்தமாகக் கையைக் கட்டிக்கொண்டார்கள். கூட்டத்தைக் கவனிக்க ஒன்றிய ஆபீஸிலிருந்து வந்திருந்த பற்றாளரும் "அதுதான் முறை" என்று சொல்லிவிட்டார்.

வரவு செலவு வாசித்தார்கள். மோட்டார் ரிப்பேர், பிளீச்சிங் பவுடர், தெருவிளக்கு. டெங்கு, பிளாஸ்டிக் எல்லாம் மேலிருந்து அச்சாகி வந்த பொருள்கள், அவை ஓடிப்போயின. குடிநீரில் கொஞ்சம் நின்றது. ஜல் ஜீவன் என்னும் மத்திய அரசின் குடிநீர்த் திட்டக் கணக்குப்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். மேற்கு வீதியில் நல்ல தண்ணி ஐந்து நாளைக்கு ஒரு முறை வருகிறது. இடையில் உப்புத்தண்ணிதான். கேட் வால்வைத் திருப்பும் முறையை மாற்றுவதாகத் தலைவர் அக்கா சொன்னார், எழுதிக்கொண்டார்கள்.

அப்புறம் நாய். மாமா பரிசோதனைத் தாளை விரித்துக் காட்டினார். மரத்தடியிலிருந்து ஒருத்தர், "சுட்டுத் தள்ளுங்க" என்றார். கைதட்டல் வேறு. பற்றாளர் எழுந்து, கொல்லச் சட்டத்தில் இடமில்லை, 2023 விதிப்படி கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றார். "மறுபடி எங்க பட்டிகிட்டயேவா?" என்று மாமா கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. எங்கள் ஊராட்சியில் கருத்தடை செய்ய இடமும் இல்லை, ஆளும் இல்லை. அரை மணி நேரம் கத்தல். இதற்கு நடுவில் கோயில் ஸ்பீக்கர் சத்தத்தை ஒருத்தர் கிளப்ப, அதில் ஒரு கால் மணி நேரம் போனது.

கடைசியில் எழுதியது இதுதான். கோழிக்கடைகள் கழிவை மூடிய டிரம்மில் வைத்து, ஊராட்சி தோண்டித் தரும் குழிக்குத்தான் கொண்டுவர வேண்டும். அக்டோபர் 15-க்குள் குழி தயாராக வேண்டும், பொறுப்பு செயலர். அதற்கு மேல் குட்டைக்கரையில் கொட்டினால் அபராதம். செத்த ஆடுகளுக்கு இழப்பீடு கேட்டு கலெக்டருக்குத் தீர்மான நகலோடு கடிதம். கோழிக்கடைக்காரரும் கூட்டத்தில் இருந்தார். குழி ஊருக்குப் பக்கத்தில் வேண்டும், பெட்ரோல் செலவு தாங்காது என்றார். நியாயம்தான், அதையும் சேர்த்தார்கள்.

குட்டைக்கு வந்தபோது பெரியவர்களின் குரல் மாறிவிட்டது. அத்திக்கடவு - அவினாசித் திட்டத்துக்கு இந்தப் பக்கம் அறுபது வருடத்துக்கு மேல் கேட்டார்கள். ஆகஸ்ட் 17-ல் திறந்தார்கள். 1,045 ஏரி குளம் குட்டைகளுக்குத் தண்ணீர். அந்த 1,045-ல் எங்கள் குட்டை இல்லை. பக்கத்து ஊர்க் குட்டையோரம் சோலார் பலகையோடு குழாய் நிற்கிறது, நாங்கள் பஸ்ஸில் போகும்போது பார்த்துக்கொள்கிறோம். விடுபட்ட குட்டைகளுக்கு இரண்டாம் திட்டம் வேண்டும் என்று நிறைய ஊர்களில் கேட்கிறார்கள். நாங்களும் கேட்டு எழுதினோம். தண்ணீர் வருவதற்கு முன்னால் குட்டையில் மண் எடுக்க வேண்டும். தாசில்தார் அனுமதி வாங்கினால் விவசாயிகள் வண்டலை இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம். விருப்பமுள்ளவர்கள் பெயரைச் செயலரிடம் கொடுக்கவும் முடிவானது. உடனே பதினொரு பேர் கை தூக்கினார்கள். கூட்டத்தில் சண்டையில்லாமல் முடிந்தது இது ஒன்றுதான்.

இட்டேரி கடைசி. இரண்டு பக்கத் தோட்டமும் வேலியை நகர்த்தி நகர்த்தி, ஒரு காலத்தில் இரண்டு மாட்டுவண்டி ஒதுங்கிப் போன தடத்தில் இன்றைக்கு பால்காரர் டிவிஎஸ் வண்டி போவதே பெரிது. இரு பக்கத்துக்காரர்களும் எனக்குப் பங்காளி முறை. கேட்டால் எதிர்ப்பக்கத்தான் நகர்த்தினான் என்பார்கள். அளந்து தரச் சொல்லி வட்டாட்சியருக்கு எழுத முடிவு. சித்தப்பா என்னைப் பார்த்த பார்வையில், வரும் தீபாவளிக்கு அவர் வீட்டுப் பலகாரம் எனக்கு இல்லை என்று தெரிந்தது.

இரண்டே காலுக்கு எல்லாவற்றையும் வாசித்தார்கள். ஒரு இடத்தில் தேதி விட்டிருந்தது, சேர்க்கச் சொன்னோம். பிறகு கையெழுத்து. பக்கங்களை போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 16, புதன்

குழி தோண்டவில்லை. கூட்டம் முடிந்த மறுவாரம் ஆயுத பூஜை, ஜேசிபிக்காரர் ஊரில் இல்லையாம். படத்தைக் காட்டிக் கேட்டேன். செயலர் கோபப்படவில்லை, சனிக்கிழமை என்றார்.

அக்டோபர் 19, சனி

தோண்டிவிட்டார்கள். பிராண்டிய மண்ணைப் பார்க்க நாய்களே முதலில் வந்திருந்தன. கம்பிவலை மூடி வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 23, சனி

நவம்பர் 1-ல் நடக்க வேண்டிய கிராம சபை தீபாவளியால் தள்ளிப்போய் இன்றைக்கு நடந்தது. கூட்டம் தொடங்கியதும் அக்டோபர் தீர்மானங்கள் என்னாச்சு என்று வரிசையாகக் கேட்டோம்.

குழிக்கு மூடி வந்துவிட்டது. இரண்டு கோழிக்கடைகள் ஒழுங்காகக் கொண்டுவருகின்றன. மூன்றாவது கடைக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. நாய்கள் குறைந்தபாடில்லை, ஆனால் குட்டைக்கரையை விட்டுவிட்டன. இழப்பீட்டுக் கடிதத்துக்குப் பதில் இல்லை. வண்டலுக்கு நாலு பேருக்கு அனுமதி கிடைத்தது, அதற்குள் மழை பெய்து குட்டைக்குள் சேறு, கோடையில்தான் டிராக்டர் இறங்கும். குட்டையைச் சேர்க்கும் மனு "பரிசீலனையில்" இருக்கிறது.

இட்டேரியை அளக்க சர்வேயர் வரவில்லை. ஜனவரி 5-ஓடு தலைவர், வார்டு உறுப்பினர்கள் எல்லாருடைய ஐந்து வருடமும் முடிகிறது. அதற்குப் பிறகு யாரைக் கேட்பது என்று மாமா கேட்டார். பொறுப்புக்கு யார் வந்தாலும் தீர்மானப் புத்தகம் ஊராட்சி ஆபீஸில்தான் இருக்கும் என்றேன். அளவைக் கட்டணத்தைத் திங்கட்கிழமையே கட்டிவிட்டு ரசீதை என்னிடம் கொண்டுவந்து கொடுக்க மாமாவிடம் சொல்லியிருக்கிறேன்.