ஹேம்குண்ட் சாகிப்: மலை உச்சியில் சூடான கிச்சடி

உத்தராகண்ட் இமயமலையில், ஓர் ஏரிக்கரையில் இருக்கும் சீக்கியர்களின் புனிதத் தலம் ஹேம்குண்ட் சாகிப். வழியில் கடைசி ஊரான கங்காரியாவிலிருந்து அது 6 கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் 1,000 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். ஊரைத் தாண்டியதும் இடப்பக்கம் பூக்களின் பள்ளத்தாக்குக்குப் பாதை பிரிகிறது. எங்கள் வழி நேராகச் செங்குத்தில் ஏறியது.

நாலு அடி வைத்தாலே மூச்சு வாங்கியது. இறங்கி வருகிறவர்கள் ஒவ்வொருவரும் "வாஹேகுரு, வாஹேகுரு" என்று சீக்கியர்கள் இறைவனை அழைக்கும் பெயரைச் சொல்லித் தைரியம் சொல்லிவிட்டுப் போனார்கள். முழங்காலில் துணி கட்டியிருந்த ஒரு பஞ்சாபிப் பாட்டி, என் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொஞ்சம் கற்கண்டை என் கையில் வைத்தார். அவரும் மேலேதான் போய்க்கொண்டிருந்தார்.

மேலே ஏரி. சுற்றிலும் ஏழு சிகரங்கள். சீக்கியர்களின் பத்தாவது குருவான குரு கோவிந்த் சிங் தம் முற்பிறவியில் ஹேம்குண்ட மலையில் தவம் செய்ததாக, அவர் பெயரில் வழங்கும் தசம கிரந்தம் என்ற நூல் சொல்கிறது. அந்த இடம் இதுதான் என்று சோகன் சிங், மோதன் சிங் என்ற இருவர் கண்டடைந்தது 1930களில்தான். மலைவாழ் மக்களுக்கோ இது அதற்கும் முன்பிருந்தே லோக்பால் ஏரி. கரையில் லட்சுமணனுக்குக் கோயில் இருக்கிறது. குருத்வாராவில் வணங்கியவர்கள் அப்படியே அங்கேயும் கும்பிட்டார்கள்.

தண்ணீரில் முங்கி எழுந்தபோது பனிக்குளிரில் பேச்சே வரவில்லை. உடை மாற்றிக்கொண்டு நேரே லங்கருக்கு, அதாவது எல்லோருக்கும் இலவசமாக உணவு தரும் குருத்வாராவின் சமையற்கூடத்துக்குப் போனேன். ஸ்டீல் கிண்ணத்தில் ஆவி பறக்கும் கிச்சடி, அப்புறம் டீ. கிண்ணம் காலியானதும் கேட்காமலே இன்னொரு கரண்டி விழுந்தது. அரிசி, பருப்பு, விறகு, சிலிண்டர் எல்லாமே கோவேறு கழுதைகளின் முதுகிலும் மனிதர்களின் முதுகிலும் ஏறி வந்தவை. வெளியே ஓர் இளைஞன் அந்த ஐஸ் தண்ணீரில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான். விரல்கள் சிவந்து வீங்கியிருந்தன. நானும் ஒரு கை கொடுக்க உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்திலேயே விரல் மரத்துவிட்டது. அவன் நிறுத்தவே இல்லை. சேவை என்று எத்தனையோ பேர் பேசக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு பக்கத்தில் பார்த்தது அங்கேதான்.

மேலே தங்க யாருக்கும் அனுமதி இல்லை, மதியத்துக்குப் பிறகு எல்லோரும் இறங்கிவிட வேண்டும். அதனால் விடியற்காலையிலேயே கிளம்புங்கள். மே கடைசி அல்லது ஜூனில் திறந்து அக்டோபரில் மூடிவிடுவார்கள். பாறை இடுக்குகளில் பூக்கும் இமயமலைப் பூவான பிரம்ம கமலம் பார்க்க ஆகஸ்ட், செப்டம்பர் சரியான நேரம்; மழையும் மண்சரிவும் இருக்கும் என்பதால் கையில் கூடுதலாக இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் உள்ள கோவிந்த்காட், கங்காரியா இரண்டு இடத்திலும் குருத்வாராவிலேயே தங்கலாம்.