வட்டத்தில் எட்டு நாற்காலிகள்

ஜனவரி 11, வியாழன்

கல்லூரி ஆலோசனை மையத்துக்குத் தனியாகப் பேசத்தான் போனேன். குழு சிகிச்சையில், மற்ற மாணவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து பேசும் குழுவில், சேருகிறீர்களா என்றார்கள். கூட்டம் அதிகமாகிவிட்டதால் என்னைத் தள்ளிவிடப் பார்க்கிறார்களோ என்று ஆலோசகரிடம் கேட்டே விட்டேன். அவர் கோபப்படவில்லை. "நாலு பேர் சேர்ந்தா வாய் அடைச்சுப் போகுதுன்னு சொல்றீங்க. என் ஒருத்திகிட்ட மட்டும் பேசிப் பழகினா அது எப்படிச் சரியாகும்?" பதில் வரவில்லை.

அப்புறம் அரை மணி நேரம் கேள்விகள். தூக்கம் எப்படி, சாகத் தோன்றியதுண்டா, கோபம் வந்தால் என்ன செய்வீர்கள்? உடனடி நெருக்கடியில் இருப்பவர்களுக்குத் தனிக் கவனிப்புதான் முதலில், குழுவெல்லாம் பிறகு என்றார். நான் தேறிவிட்டேன். இந்தப் பருவத்தில் நான் தேறிய முதல் தேர்வு இதுதான்.

ஜனவரி 18, வியாழன்

மாணவர்கள் ஆறு பேர், ஆலோசகர்கள் இருவர். ஒன்றரை மணி நேரம்.

இங்கே கேட்டது வெளியே போகக் கூடாது என்பது முதல் விதி. யார் உயிருக்காவது ஆபத்து என்றால் மட்டும் ஆலோசகர்கள் அதை மீறுவார்கள். அவர்களுக்குத் தொழில் நெறி இருக்கிறது, எங்களைக் கட்டுவது நாங்கள் கொடுத்த வாக்கு மட்டும்தான் என்று ஒளிக்காமல் சொன்னது பிடித்திருந்தது. ஆகவே இந்தக் குறிப்பில் என் கதை மட்டும்தான் இருக்கும். மற்றவர்கள் வருகிற இடத்தில் ஓட்டை விழும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் முறை வந்தபோது பேரையும் துறையையும் சொன்னேன். "மத்தபடி ஒண்ணுமில்லை." நடுவில் ஒரு முக்காலியில் டிஷ்யூ பெட்டி. பாதி வெளியே வந்திருந்த ஒரு தாள் மின்விசிறிக் காற்றில் படபடத்துக்கொண்டே இருந்தது. மீதி நேரம் முழுக்க அதைத்தான் பார்த்தேன்.

ஜனவரி 25, வியாழன்

தலைவலி, வர முடியவில்லை என்று செய்தி அனுப்பினேன். தலைவலி இல்லை.

பிப்ரவரி 1, வியாழன்

குற்ற உணர்ச்சியில் குழு சிகிச்சையின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். (போகாமல் இருக்க இதுவும் ஒரு வழி.) 1905இல் பாஸ்டனில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர் ஏழைக் காசநோயாளிகளை வாரம் ஒருமுறை ஒன்றாக உட்காரவைத்து, ஓய்வு, சுத்தமான காற்று என்று வகுப்பு எடுத்திருக்கிறார். ஒவ்வொருவரும் தினமும் காய்ச்சல் எவ்வளவு என்று நோட்டில் எழுதிக்கொண்டு வர வேண்டும். பாடத்தைப் போலவே, கூடி உட்கார்ந்ததும் அவர்களைத் தேற்றியிருக்கிறது. குழு சிகிச்சையின் தொடக்கம் என்று பலரும் இதைத்தான் காட்டுகிறார்கள். ஆக, நாட்குறிப்பு எழுதுகிற நோயாளிகளில் நான் முதல் ஆள் இல்லை.

சாயங்காலம் போனேன். போன வாரம் என் நாற்காலியை யாரும் நகர்த்தவில்லையாம்.

பிப்ரவரி 15, வியாழன்

இன்று ஒருவன் என்னைப் பார்த்துச் சொன்னதை அவனிடம் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். "எழுதிக்கோ, பேர் போடாதே" என்றான்.

"நான் பேசி முடிக்கிறதுக்குள்ள நீ வழி சொல்லிடறே. உன்னைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது உன் துறை மட்டும்தான்."

காது சூடாகிவிட்டது. நல்லதுதானே செய்தேன்? ஆலோசகர் வந்து காப்பாற்றுவார் என்று பார்த்தேன். அவர் காப்பாற்றவில்லை. "இப்ப உள்ளே என்ன ஓடுது?" என்று மட்டும் கேட்டார். ஓடிப்போகலாம் போல இருக்கிறது என்றேன். யாரும் சிரிக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது, அப்படியே இருந்தோம். பிறகு என் வாயிலிருந்தே வந்தது: இரண்டு பாடத்தில் தோற்றுவிட்டேன், வீட்டில் பாஸ் என்று சொல்லிவைத்திருக்கிறேன், தினமும் போனில் அந்தப் பொய்க்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

அதற்கு மற்றவர்கள் சொன்னது என் கதை இல்லை. குழு எப்படிக் குணமாக்குகிறது என்பதற்கு மனநல மருத்துவர் இர்வின் யாலம் பதினோரு காரணங்களை எடுத்துச் சொல்லியிருக்கிறார். 'எனக்கு மட்டும் இல்லை' என்று தெரியவருவது அதில் ஒன்று. இதற்கு மேல் எழுதினால் வாக்கு தவறியவனாவேன்.

பிப்ரவரி 29, வியாழன்

வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

காலையில் நூலகப் படிக்கட்டில் அவனைப் பார்த்தேன். வெளியே பார்த்தால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம் என்பது எங்கள் ஏற்பாடு. இருவரும் ஒரே நேரத்தில் பை வாரைச் சரிசெய்துகொண்டு நகர்ந்தோம்.

சாயங்காலம் டிஷ்யூ பெட்டி காலி. "அடுத்த வாரம் நான் வாங்கிட்டு வரேன்" என்று வாயைத் திறந்ததுதான் தாமதம், "மறுபடியும் ஆரம்பிச்சுட்டான்!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும். இதற்கும் அனுமதி வாங்கியாயிற்று.