குலசேகரம் பக்கம் கிராவல் சைக்கிளில்

ரோடு சைக்கிள் வைத்திருப்பவர்கள் எல்லாம் நான்குவழிச்சாலைக்கே போகிறீர்கள், ஒருநாள் கிராவல் சைக்கிளில் (சரளை, மண் பாதைக்கான அகல டயர் சைக்கிள்) கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம் வாருங்கள். திற்பரப்பில் இருந்து ரப்பர் தோட்டங்களுக்குள் நுழைந்து சானல்கரை (கால்வாய்க்கரை) பிடித்து மாத்தூர் வரை வந்தால், தார்ரோட்டைத் தொடவேண்டிய இடங்கள் கொஞ்சம்தான். 40 மி.மீ. டயர் போதும், ஆனால் காற்றைக் கல்லு மாதிரி அடைத்துக்கொண்டு வராதீர்கள், சரளைக்கல்லில் கை மரத்துப்போகும். ரப்பர் இலை உதிரும் தை மாசி மாதங்களில் பாதையே தெரியாது, சருகுக்கு அடியில் கல்லா வேரா என்று டயர் ஏறிய பிறகுதான் தெரியும். மழை பெய்தால் செம்மண் வழுக்கும், முன் பிரேக்கை நம்பாதீர்கள்.

காலையில் ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றேன். சிரட்டையில் பால் சொட்டிக்கொண்டிருந்தது, ஒட்டிக் காய்ந்துபோன ஒட்டுப்பால் நாற்றம் வேறு (பழகிவிடும்!). ஒரு பாட்டா (தாத்தா) என் டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு, "மக்களே, இத்தற ரூவாய்க்கு ஒரு ஸ்டாண்டு கூட இல்லியா?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

மாத்தூர் தொட்டிப்பாலம் (சானல் தண்ணீரை ஆற்றுக்கு மேலே கொண்டுபோகும் பாலம்) 1966இல் கட்டியது, 115 அடி உயரம், கீழே பரளியாறு. மேலே கூட்டம், சைக்கிளை ஓட்டாதீர்கள். அப்புறம் திருவட்டாறு, அங்கே மூவாற்றுமுகத்தில் கோதையாறும் பரளியாறும் சேருகிற இடத்தைப் பார்க்காமல் திரும்பவேண்டாம். ஞாயிறு காலை யாராவது வருகிறீர்களா? கட்டன்சாயாவும் ஏத்தன்பழ பஜ்ஜியும் என் செலவு, பஞ்சர் கிட் அவரவர் கொண்டுவரவேண்டும்.