சாவி கேட்டவனும் மிஸ்டர் பிரவுன் கிளாஸும்

சங்கத்து மலர் புத்தகத்துக்கு ஏதாச்சும் எழுதிக் கொடுங்கன்னு மூணு தடவ மெசேஜ் போட்டுட்டாங்க, நானும் இந்த வாரம் அடுத்த வாரம்னு இழுத்துக்கிட்டே வந்தேன். மலேசியாவுல நம்ம ஊரு பத்தாங் பெர்ஜுந்தைய பத்தி (2007ல பெஸ்தாரி ஜெயான்னு பேர மாத்திட்டாங்க, ஆனா நம்மள்ல யாரு அப்படி சொல்றோம்?) எழுத உக்காந்தா கித்தா (ரப்பர்) மரம், பால் சொமக்குற காண்டா வாளி, வேலைக்கு ஆள் கூட்டுற பெரட்டு மணின்னு எல்லாரும் எழுதுனதுதான் வருது. அதனால நான் ஒரு டிவி நாடகத்த பத்தி எழுதப் போறேன், கோவிச்சிக்காதீங்க.

அதுக்கு முன்னாடி ரிமூவ் கிளாஸ். அப்பல்லாம் தமிழ்ப்பள்ளியில ஆறாவது முடிச்சா நேரா ஃபார்ம் ஒன் (இடைநிலைப்பள்ளி முதல் வருஷம்) கிடையாது இல்லையா, தமிழ்ப்பள்ளி சீனப்பள்ளி பிள்ளைங்களுக்கு மலாய் வரணும்னு ஒரு வருஷம் தனியா உக்கார வச்சாங்க. 1980ல நான் அங்க. ஒருநாள் சிக்கு (மலாய்ல வாத்தியாரு) நம்ம பையன் ஒருத்தன ஆபீசுக்குப் போய் கிளாஸ் சாவி வாங்கிட்டு வாடான்னு அனுப்புனாரு. சாவிக்கு கூன்ச்சின்னு கேக்கணும், இவன் போய் கென்ச்சிங்னு கேட்டிருக்கான், அதாவது ஒண்ணுக்கு. ஆபீஸ் கிராணி (கிளார்க்கு) கக்கூஸ் பக்கம் கைய காட்டிட்டாரு. இவனும் நல்ல பிள்ளையா அங்க போய் செவுத்துல ஆணி ஏதும் இருக்கான்னு தேடிப் பாத்துட்டு வந்து, "தாக் அடா, சிக்கு"ன்னு (இல்ல வாத்தியாரேன்னு) நிக்கிறான்! அன்னிலேர்ந்து அவன் பேரே சாவி. பக்கத்து கிளாஸ் பசங்க ஜன்னல்ல வந்து எட்டிப் பாத்து சிரிப்பாங்க, எங்க கிளாஸே அவங்களுக்கு ஒரு படம் மாதிரி.

அந்தக் காலத்துலதான் டிவியில மைண்ட் யுவர் லேங்குவேஜ்னு அந்த இங்லீஷ் காமெடி நாடகம் வந்துச்சு. எங்க லயத்து வரிசை வீடுங்கள்ல டிவி இல்ல, தோட்டத்துக் கிராணி வீட்டுலதான் பாக்கணும். கிராணியம்மா வாசல்ல ஒரு வாளி தண்ணி வச்சிருப்பாங்க, கால கழுவுனாதான் உள்ள, கழுவியும் எங்க செம்மண் கால் அவங்க சிமெண்டு தரையில அச்சு அச்சா பதிஞ்சிடும், அத பாத்துட்டு அவங்க உதட்ட சுழிக்கிறது இன்னும் கண்ணுலயே நிக்குது. லண்டன்ல ஒரு நைட் கிளாஸ், மிஸ்டர் பிரவுன்னு ஒரு வாத்தியாரு, பாகிஸ்தானி, சர்தார்ஜி, இத்தாலிக்காரன், ஜப்பான்காரன், சீனத்தின்னு கலந்து கட்டி உக்காந்து இங்லீஷ கொலை பண்ணுவாங்க. எங்களுக்கும் இங்லீஷ் தெரியாது, ஆனாலும் சிரிச்சோம். டிவியில யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டா நாங்களும் சிரிப்போம், அவ்வளவுதான். ரிமூவ் கிளாஸ்ல உக்காந்திருக்கிற நாங்க அந்தக் கிளாஸ பாத்து சிரிச்சோம் பாருங்க.

1987ல நர்சிங் படிக்க இங்க இங்கிலாந்துக்கு வந்தேன். வார்டுல ஒரு ஸ்டாஃப் நான் எது கேட்டாலும் தலைய ஆட்டி "தவுசண்ட் அபாலஜிஸ்"ம்பா, நாடகத்துல சர்தார்ஜி அடிக்கடி சொல்றது அது. வலிச்சுச்சா? அப்ப அப்படி தோணல. உண்மைய சொல்றேன், அந்த வருஷ கிறிஸ்துமஸ் பார்ட்டியில நானே எந்திரிச்சு நின்னு தலைய ஆட்டி அத பண்ணிக் காட்டுனேன், எல்லாரும் கைதட்டுனாங்க, ஒருவழியா நம்மள சேத்துக்கிட்டாங்கன்னு சந்தோஷமா ரூமுக்குப் போனேன்.

2024ல லீவு நாள்ல யூடியூப்ல மறுபடியும் பாக்க ஆரம்பிச்சேன். 1977 கடைசியில தொடங்குன நாடகம், நல்லா ஓடிக்கிட்டிருக்கும்போதே 1979ல மைக்கேல் கிரேடுன்னு அந்த டிவி கம்பெனி அதிகாரி, இது வெளிநாட்டுக்காரங்கள கேலி பண்ணுதுன்னு நிப்பாட்டிட்டாரு. அப்புறம் 1986ல இன்னொரு தடவ கொஞ்சம் எடுத்தாங்க. சர்தார்ஜியா நடிச்ச ஆல்பர்ட் மோசஸ் பொறந்தது இலங்கையில. சீனத்தியா வந்த பிக்-சென் லிம் யாருன்னு நினைக்கிறீங்க, நம்ம பினாங்குல பொறந்தவங்க! அவங்கள போய் ர வராத மாதிரி பேச வச்சிருக்காங்க. என் மகன் பின்னாடி நின்னு ரெண்டு நிமிஷம் பாத்துட்டு "அம்மா, திஸ் ஈஸ் ரேசிஸ்ட்"னுட்டு போயிட்டான். எனக்கு கோவம் வந்துடுச்சு. அவன் பேச்ச கேட்டு இங்க ஒருத்தனும் சிரிச்சதில்ல, அவனுக்கு என்ன.

அந்த ஜூலை 29தான் சவுத்போர்ட்ல டான்ஸ் கிளாசுக்குப் போன மூணு சின்னப் பொண்ணுங்கள கத்தியால குத்திக் கொன்னது. கொன்னவன் படகுல வந்த அகதின்னு ஒரு பொய் பரவுச்சு, அவன் பொறந்தது கார்டிஃப்ல. ஆனா அதுக்குள்ள பள்ளிவாசல்ல கல்லு, ரோதர்ஹாம்ல அகதிங்க தங்கியிருந்த ஹோட்டல்ல தீ, சண்டர்லண்ட்ல டாக்சியில டியூட்டிக்குப் போன ரெண்டு பிலிப்பினோ நர்சுங்க மேல கல்லு. அத படிச்ச அன்னிக்குதான் எனக்கு வயித்த கலக்குச்சு, முப்பத்தேழு வருஷமா நானும் அப்படித்தானே டியூட்டிக்குப் போறேன். வார்டு குரூப்புல யூனிஃபார்ம் மேல கோட்டு போட்டுக்கங்க, பஸ்ல தனியா வராதீங்கன்னு மெசேஜ். ஆகஸ்ட் 7, லண்டன்ல எங்க வால்தம்ஸ்டோவுக்கும் அந்தக் கலவரக்காரங்க வரப்போறாங்கன்னு பேச்சு, ஹோ ஸ்ட்ரீட்ல கடைக்காரங்க மத்தியானமே பலக அடிச்சு மூடிட்டாங்க. ஆனா அன்னிக்கு சாயந்தரம் வந்தது வேற கூட்டம், ஆயிரக்கணக்குல ரோட்டை அடச்சு நின்னாங்க, அகதிங்க வரட்டும்னு கோஷம். என் மகனும் போயிருந்தான். நான் போகல, ஜன்னல் திரைய கொஞ்சூண்டு விலக்கிப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

மறுநாள் சாவி போன் பண்ணான். இப்ப ரவாங்ல டயர் கடை வச்சிருக்கான், பேரன் எடுத்துட்டான். நியூஸ்ல பாத்தேன், பத்திரமா இருக்கியா, பசியாறிட்டியான்னு கேட்டான், இந்த வெள்ளக்காரனுங்களுக்கு என்ன வந்துச்சுன்னு நல்லா திட்டுனான், எனக்கும் கேக்க ஆறுதலா இருந்துச்சு. அப்புறம் பேச்ச மாத்தணும்னு நெனச்சானோ என்னமோ, "இத கேளு, என் கடைக்கு புதுசா ஒரு பங்களாதேஷ்காரன் வந்திருக்கான், டயருக்கு காத்தடிச்சிட்டேன்னு சொல்ல ஆங்கின்னு சொல்லத் தெரியாம, போஸ், அஞ்சிங் சுடா மாசோக்குங்குறான், டயருக்குள்ள நாய விட்டுட்டானாம்!"னு அந்தாளு குரல்லயே பேசிக் காட்டுனான்.

நான் சத்தமா சிரிச்சிட்டேன். மகன் ரூமுலேர்ந்து எட்டிப் பாத்து, என்னம்மான்னு கேட்டான். ஒண்ணுமில்லப்பா, ஊர்ல இருந்து போனுன்னேன்.