மடித்துக் கட்டிய கலிங்கு: ஹேசல்மியர் அணையைக் கொல்லையில் சிறிதாகச் செய்து பார்த்த கதை

போன ஞாயிற்றுக்கிழமை மதியம், கொல்லையில் நான் செய்த சின்ன அணையின் மடித்த கலிங்கில் (அணையின் மிகுதித் தண்ணீர் வழிகிற விளிம்பு) வழியும் நீரின் உயரத்தை அளவுகோலில் 13 மில்லிமீட்டர் என்று படித்தேன். அதே பம்ப், அதே தொட்டி, அதே 30 சென்டிமீட்டர் அகலம். இரண்டு வாரத்துக்கு முன்பு நேரான சுவர் வைத்து அளந்தபோது 28 வந்திருந்தது. நான்கு மாதமாகச் செய்த வேலைக்கு இந்த இரண்டு எண்ணும் போதும். யாராவது செய்து பார்க்க நினைத்தால் உதவுமே என்று முதலிலிருந்து எழுதுகிறேன்.

நான் இருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே வெருலத்தில். எங்கள் குழாயில் வருவது உம்ட்லோட்டி ஆற்றின் தண்ணீர். சின்ன ஆறுதான். கரும்புக் காடுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து வந்து கடலில் சேர்ந்துவிடும். அதன் குறுக்கே 1970களில் கட்டியது ஹேசல்மியர் அணை. முழுக்கக் கான்கிரீட், தன் எடையாலேயே தண்ணீரைத் தாங்கி நிற்கிற வகை. 2015-ல் மழை பொய்த்தபோது முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். வாளியும் கேனுமாக லாரிக்காக நின்ற நாட்களை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது வாங்கிய ஜோஜோ பிளாஸ்டிக் தண்ணீர் டேங்க்தான் இன்றைக்கு இந்தச் சோதனைக்கும் தண்ணீர் தருகிறது.

அந்த அணையின் சுவரை 7 மீட்டர் உயர்த்தும் வேலை நடந்தபோதுதான் எனக்கு இந்த ஆசை பிடித்தது. சுவர் உயர்ந்தால் அதிகத் தண்ணீர் நிற்கும், சரி. வெள்ளம் வந்தால்? கலிங்கின் மேல் வழிய வேண்டிய தண்ணீர் இன்னும் உயரத்தில் வழியும், பின்னால் நீர்மட்டம் அந்த அளவுக்கு ஏறி நிற்கும். தமிழ்நாட்டுக்கு ஒருமுறை போனபோது வட ஆர்க்காட்டுப் பக்கம் ஓர் ஏரிக் கலிங்கில் வரிசையாக நட்ட கற்களைப் பார்த்தேன். மழை முடியும் காலத்தில் அந்தக் கற்களுக்கு நடுவே மண்ணோ பலகையோ வைத்து அடைத்துக் கொஞ்சம் கூடுதலாகத் தேக்குவார்களாம். பெருமழை வந்தால் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கரை உடையும். அதே சிக்கல்தான் இங்கேயும்.

ஹேசல்மியரில் அதற்குச் செய்த தீர்வு பியானோ கீ வியர். கலிங்கின் விளிம்பை நேர்கோடாகக் கட்டாமல் மடித்து மடித்துக் கட்டுவது. அதே அகலத்துக்குள் விளிம்பு நீளமாகிவிடுவதால் குறைந்த உயரத்திலேயே அதிகத் தண்ணீர் வழிந்துவிடும். மேலிருந்து பார்த்தால் பியானோக் கட்டைகள் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். கோவிலில் ஆர்மோனியம் பார்த்து வளர்ந்த எனக்கு ஆர்மோனியக் கட்டையாகத்தான் தெரிந்தது. பிரான்ஸின் ஹைட்ரோகூப் அமைப்பும் அல்ஜீரியாவின் பிஸ்க்ரா பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய வடிவம் இது. முதலில் கட்டியது பிரான்ஸில், கூலூர் அணையில், 2006-ல்.

முதல் மாதம் தொட்டிக்கே போய்விட்டது. ஷட்டர் பலகையில் 2 மீட்டர் நீளத் தொட்டி, ஒரு பக்கம் மட்டும் உள்ளே தெரியப் பெர்ஸ்பெக்ஸ் என்கிற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தகடு. மீன் குளத்துக்குப் போடும் பம்ப் தண்ணீரைச் சுற்றிச் சுற்றி அனுப்புகிறது. பம்ப் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பவில்லை. 20 லிட்டர் வாளி நிறைய எட்டே கால் நொடி, அதாவது நொடிக்கு 2.4 லிட்டர். பேரன் போனில் நேரம் எடுத்தான், பத்து முறை. பம்ப் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு வரும் என்பதால் பழைய பி.வி.சி. குழாய்த் துண்டுகளைக் கட்டாகக் கட்டிக் குறுக்கே வைத்தேன். அதற்குப் பிறகுதான் நீர்மட்டம் ஆடாமல் நின்றது.

அணைக்கட்டையை நானே வார்த்தேன். ஆற்று மணல், சிமெண்ட், பொடி ஜல்லி. அடி 18 செ.மீ., மேல் 8, உயரம் 20. பலகையின் உள்பக்கம் சமையல் எண்ணெய் தடவினேன், கட்டை ஒட்டாமல் கழன்று வந்தது. ஏழு நாள் ஈரச் சாக்குப் போட்டு வைத்தேன். நிறுத்துப் பார்த்தால் 17 கிலோ.

இந்த 17 கிலோ கட்டை முதல் ஓட்டத்திலேயே நகர்ந்தது. தண்ணீர் நிறைந்து வழியத் தொடங்கிய சிறிது நேரத்தில் தண்ணீர் போகிற பக்கமாக மெதுவாக வழுக்கியது. பக்க இடுக்குகளை அடைத்திருந்த மெழுகு பிய்ந்து, முற்றமெல்லாம் தண்ணீர். அன்றிரவு கணக்குப் போட்டேன். தண்ணீர் பக்கவாட்டில் தள்ளும் விசை ஏழரை கிலோ. 17 கிலோ கட்டைக்கு அது பெரிதில்லை. ஆனால் கட்டையின் அடியில் நான் எதுவும் பூசவில்லை. அங்கே நுழைந்த தண்ணீர் கட்டையை மேலே தூக்கியிருக்கிறது, ஏறக்குறைய 6 கிலோ அளவுக்கு. பலகையை அழுத்திக்கொண்டிருந்த எடை 11 கிலோதான். ஈரப் பலகையின் பிடிமானத்துக்கு அது போதவில்லை.

அணையைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் முன்னால் நிற்கிற தண்ணீரையே பார்க்கிறோம். அடியில் கண்ணுக்குத் தெரியாமல் புகுந்து தூக்குகிற தண்ணீரை நான் இதற்கு முன் நினைத்ததே இல்லை. பெரிய கான்கிரீட் அணைகளுக்கு உள்ளே சுரங்கம் மாதிரி ஒரு நடைபாதை விட்டு, அதிலிருந்து வடிகால் துளைகள் போடுவது அந்த அழுத்தத்தைக் குறைக்கத்தான். இன்னொன்று: தள்ளும் விசை உயரத்தின் வர்க்கத்தோடு ஏறும். 20 செ.மீ.யை 25 ஆக்கினால் விசை ஒன்றரை மடங்கைத் தாண்டும். பழைய சுவர் மேல் புதிதாக 7 மீட்டர் ஏற்றும்போது வெறும் எடையை நம்ப முடியாது என்பது இப்போது கையாலேயே புரிந்தது. ஹேசல்மியரில் சுவரைத் துளைத்து, கீழே பாறைவரை எஃகுக் கம்பிகளை இறக்கி இழுத்துக் கட்டினார்கள். நானும் கட்டையில் இரண்டு துளை போட்டு, மரை போட்ட கம்பியை இறக்கி, தொட்டிக்கு அடியில் நட்டு வைத்து முறுக்கினேன். அடியில் சிலிகான். அதன் பிறகு அசையவில்லை.

நேர்ச்சுவர் அளவில் ஒரு தவறும் செய்தேன். அளவுகோலை விளிம்பிலேயே ஒட்டியிருந்தேன். விளிம்பை நெருங்கும்போது தண்ணீர் வேகம் எடுத்துச் சரியும், அங்கே அளந்தால் குறைவாகத்தான் காட்டும். விளிம்புக்கு மேல் நிற்கும் நீரின் உயரத்தைப் போல நான்கு மடங்கு தூரமாவது தண்ணீர் வருகிற பக்கமாகத் தள்ளி அளக்க வேண்டும். தள்ளி வைத்த பிறகு கிடைத்ததுதான் அந்த 28.

அப்புறம் மடிப்பு. முதலில் சிமெண்ட் கலவையிலேயே மெல்லிய சுவர்கள் வார்த்தேன். பலகையைக் கழற்றும்போதே நான்கு உடைந்தன. 3 மி.மீ. பெர்ஸ்பெக்ஸுக்கு மாறினேன். மூன்று மடிப்பு; பக்கச் சுவர் ஆறு, ஒவ்வொன்றும் 20 செ.மீ.; முன்னும் பின்னும் உள்ள விளிம்புகள் சேர்த்து 30. மொத்தம் 150 செ.மீ. விளிம்பு, 30 செ.மீ. அகலத்துக்குள். மடிப்புகளில் தண்ணீர் வருகிற பக்கம் திறந்தவை உள்வாய்கள், தண்ணீர் போகிற பக்கம் திறந்தவை வெளிவாய்கள். உள்வாய்களின் தரை தண்ணீர் வருகிற பக்கத்திலிருந்து மேலேறும், வெளிவாய்களின் தரை தண்ணீர் போகிற பக்கமாகக் கீழே சரியும். இரண்டும் கட்டையைத் தாண்டி முன்னும் பின்னும் 6 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கின்றன. அணையின் குறுகிய தலைமேல் இவ்வளவு நீள விளிம்பை உட்கார வைக்க முடிவது அந்த நீட்டலால்தான். இந்த வடிவத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

28 மி.மீ. உயரத்தில் போன தண்ணீர் இதில் 13 மி.மீ.யிலேயே போய்விட்டது. ஒரே உயரத்தில் வைத்துக் கணக்குப் பார்த்தால், நேர்ச்சுவரில் போவதைப் போல மூன்று மடங்குக்குச் சற்று மேல் தண்ணீர் இதில் போகும். விளிம்பு ஐந்து மடங்கு, தண்ணீர் ஏன் மூன்றுதான்? பேரன் ஒரு சொட்டு நீல மை விட்டான். வெளிவாய்க்குள் இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் விழும் தண்ணீர் நடுவில் மோதி மேலெழும்புவது அப்போது தெளிவாகத் தெரிந்தது. மருமகனின் பம்பையும் சேர்த்து இரட்டிப்பு நீர் விட்டபோது நேர்ச்சுவரில் 44, மடிப்பில் 23. ஆதாயம் இரண்டரை மடங்கை ஒட்டி இறங்கிவிட்டது. வெள்ளம் ஏற ஏற வெளிவாய்கள் நிறைந்துபோய், மடிப்பும் மெல்ல மெல்ல நேர்ச்சுவர் மாதிரி ஆகிறது.

இந்த எண்களைப் பெரிய அணைக்கு அப்படியே பெருக்கிவிடக் கூடாது. 3 செ.மீ.க்குக் கீழே தண்ணீர் விளிம்பை விடாமல் ஒட்டிக்கொண்டு வழிகிறது, பரப்பு இழுவிசையின் வேலை அது. நிஜ அணையில் அப்படி நடக்காது. அடுத்த மாதிரியை இரண்டு மடங்கு பெரிதாகச் செய்ய வேண்டும்.

அதற்கு முன் ஒன்று பார்க்க வேண்டியிருந்தது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் ஆறு மரம், கரும்புச் சோகை, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு வந்தது. அதனால் நேற்று காய்ந்த கரும்புச் சோகையை விரல் நீளத்துக்கு நறுக்கி இரண்டு கைப்பிடி விட்டேன். முதல் கைப்பிடியில் பாதிக்கு மேல் உள்வாய்களில் சிக்கி நின்றது. நீர்மட்டம் 13-லிருந்து 17-க்கு ஏறியது. இரண்டாவது பம்பைப் போட்டதும் சிக்கியதில் நிறையப் பிய்ந்து போய்விட்டது. மரக்கிளை மாதிரி கனமான குச்சிகளை வைத்து இன்னும் பார்க்கவில்லை. வேலியோரக் கொய்யா மரத்தைக் கழிக்கச் சொல்லி வீட்டில் ரொம்ப நாளாகச் சொல்கிறார்கள், அந்தச் சுள்ளிகளை இந்தச் சனிக்கிழமை எடுத்து வைக்கிறேன்.