குளிருக்கு ஒதுங்குகிறவர்கள்

ஊட்டியில் நான் வேலை பார்க்கும் ஹோட்டலின் பாய்லர் ரூமுக்குத் துருவை விடப் பெரிய தொல்லை குளிர்தான். டிசம்பர், ஜனவரியில் புல்வெளியெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் விடியற்காலையில், ஹோட்டலிலேயே கதகதப்பான இடம் எங்கள் அறை. லாண்டரி அக்காக்கள் குளிர்காய வருவார்கள். டிரைவர்கள் டீ கிளாஸோடு வருவார்கள். நனைந்த ஜெர்கின், சாக்ஸ் எல்லாம் நீராவிக் குழாய் மேல் ஏறிவிடும். ஒருநாள், அழுத்தம் மீறினால் நீராவியை வெளியே விடும் சேஃப்டி வால்வின் லீவரில் ஒரு குரங்குக் குல்லா தொங்கியது. குல்லாவின் கனம் வால்வை ஒன்றும் செய்யாதுதான். நாளைக்கு அதே இடத்தில் குடையும் பையும் தொங்கும், கனம் ஏறினால் வால்வு திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காது, அதுதான் பயம்.

"காத்து சில்லுனு வருதுண்ணே" என்று வெண்டிலேட்டரில் சாக்கைத் திணிக்கிறவர்களிடம்தான் எனக்கு அதிகம் சண்டை. விறகு எரியக் காற்று வேண்டும். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றே அடர்த்தி குறைவு. மழைக்காலத்தில் வரும் கற்பூர மர விறகோ ஈரம் சொட்டும். காற்றும் போதாமல் போனால் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. தலைவலியும் அசதியும் வரும். கதகதப்பில் கண் சொருகுகிறது என்று நினைத்து அங்கேயே சாய்ந்துவிடுவார்கள்.

கூட்டம் இருந்தால் இன்னொரு சங்கடம், பேச்சு. பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் ஃபீட் பம்ப் தண்ணீர் இழுக்காமல் வெறுமனே ஓடினால் சத்தம் மாறும். அரட்டைக்கு நடுவே அது காதில் விழாது.

பாய்லருக்குள் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயான கேஜ் கிளாஸில் தண்ணீர் தெரிகிறதே என்பார்கள். அதற்குத் தண்ணீர் வரும் துவாரம் அடைத்திருந்தால் பழைய தண்ணீர் அப்படியே நின்று ஏமாற்றும். அதனால் ஷிப்ட் ஏறியதும் கண்ணாடிக்கு அடியிலுள்ள டிரெயினைத் திறந்து, தண்ணீர் வரும் வால்வை மூடி நீராவி சீறுகிறதா என்று பார்ப்பேன். பிறகு தண்ணீர் வால்வைத் திறந்து, நீராவி வால்வை மூடி, தண்ணீர் பாய்கிறதா என்று பார்ப்பேன். நீராவி வால்வையும் திறந்து, டிரெயினை அடைத்ததும் மட்டம் சட்டென்று ஏற வேண்டும். மெதுவாக ஊர்ந்தால் உள்ளே அடைப்பு. மட்டம் கண்ணாடியை விட்டே இறங்கிவிட்டால் பதறிப்போய்த் தண்ணீர் ஏற்றக் கூடாது. பழுக்கக் காய்ந்த இரும்பில் அது பட்டால் பாய்லரே வெடிக்கலாம். முதலில் தீயை இழுத்து அணைக்க வேண்டும். வருடாந்தர இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரும் அதிகாரி குழாய், வால்வு எல்லாம் பார்ப்பார். சாக்கு திணித்த வெண்டிலேட்டர் அன்றைக்கு மட்டும் பளிச்சென்று திறந்திருக்கும்.

"வெளியே போங்க" என்பது எடுபடவில்லை. கடைசியில் மேனேஜரிடம் சொல்லி, அறையின் வெளிச்சுவரை ஒட்டித் தகரக் கூரை போட்டு, பெஞ்சும் கொடிக்கயிறும் கட்ட வைத்தேன். உள்ளே வெந்தால் வெளிச்சுவரும் சுடும். இப்போது அந்தக் கயிற்றில் யார் ஜெர்கின் முதலில் என்பதுதான் பஞ்சாயத்து.